மாட்டுப்பட்டிக் கூரையில் சோலார்: ஒழுகலை நிறுத்திய விதம்

ஹட்டன் பக்கம் எங்கள் மாட்டுப்பட்டியின் தகரக் கூரையில், போன மாசியில் 100 வாட் சோலார் பேனல் இரண்டை நானே பூட்டினேன். விடியற்காலையில் பால் கறக்க வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான் தேவை. வைகாசியில் தென்மேல் பருவமழை தொடங்கியதும் பசுவின் முதுகிலேயே தண்ணீர் சொட்டியது. மனசு கேட்கவில்லை.

ஏறிப் பார்த்தால் தவறு என்னுடையதுதான். தகரத்தின் பள்ளத்தில் துளைத்து ஸ்க்ரூ பூட்டியிருந்தேன்; மழைநீர் ஓடுவதே அந்தப் பள்ளத்தில்தான். எல்லாவற்றையும் கழற்றி, மேட்டில் புதிதாகத் துளைத்து, ரப்பர் வாஷரோடு அடியிலுள்ள மரச்சட்டத்தில் இறங்கும்படி பூட்டினேன். ரப்பர் லேசாக அமுங்கினால் போதும், மிதமிஞ்சி முறுக்கினால் பிதுங்கிக் கிழிந்துவிடும். பழைய துளைகளை வெயில் நாளொன்றில் நன்றாகத் துடைத்து, தகரத்துண்டும் சிலிக்கனும் வைத்து அடைத்தேன். ஈரத் தகரத்தில் சிலிக்கன் சரியாக ஒட்டாது.

அப்புறமும் சொட்டியது, இந்த முறை வயர் வழியாக. சுவர்த் துளைக்குக் கீழே வயரை வளைத்துத் தொங்கவிட்டு மேலேற்றினேன். நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுகிறது. பேனல்களைத் தெற்கு நோக்கி 10 பாகை சரித்திருப்பதால் தூசியை மழையே கழுவிவிடும். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லாமல் மட்டும் இணைக்காதீர்கள்.

ஆடி மழை முழுக்கப் பெய்தும் பட்டி காய்ந்தே கிடந்தது.