ரக்பி லீக் ஆட்டத்தைக் குமரிக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்துத் தொடர் நடத்திப் பழகிய நம் மாவட்டத்து கிளப் பையன்களுக்கு இப்போது புது ஆசை ஒன்று வந்திருக்கிறது. ரக்பி லீக்கில் சர்வதேச ஆட்டம் ஒன்றை நாகர்கோவில் பக்கம் நடத்த வேண்டுமாம். ஆஸ்திரேலியாவிலும் பப்புவா நியூ கினியிலும் 2026 உலகக் கோப்பை என்ற செய்தியும் கைப்பேசி வீடியோக்களும் செய்த வேலை. ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அவர்கள் வந்து திட்டத்தைச் சொல்லும்போது, எங்கள் காலத்துக் கமிட்டிகள் அடித்த கூத்து அப்படியே திரும்பி வருகிறது. ரசீதுப் புத்தகத்தைத் தொலைப்பது, மைக் செட்காரருக்கு முன்பணம் கொடுக்க மறப்பது மாதிரியான சில்லறைத் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

எந்த ரக்பி என்று தெரியாமல் கடிதம் எழுதுவது

13 பேர் ஆடுவது லீக். 15 பேர் ஆடுவது யூனியன். 2016 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் ஏழு பேர் ஆட்டமும் யூனியன் பக்கத்தைச் சேர்ந்ததுதான். ரக்பி இந்தியா அமைப்பு உலக ரக்பியின் கீழ் வருவது. அதுவும் யூனியன் பக்கம். லீக்குக்கு மேலிடம் இன்டர்நேஷனல் ரக்பி லீக் என்ற வேறொரு அமைப்பு. அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஓர் அணியே வந்து ஆடினாலும் அது நட்பு ஆட்டம்தான். நட்பு ஆட்டம் நடத்துவதும் நல்ல விஷயமே. அதை அப்படியே சொல்லி நடத்துங்கள். எதுவானாலும் வெளிநாட்டு அணி வர மத்திய அரசின் ஒப்புதலும் சரியான விசாவும் வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து ஆடிவிட்டுப் போகட்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அவரைக் கமிட்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்திரேலியாவைக் கூப்பிடுவது

வரமாட்டார்கள்.

"ஃபுட்பால் கிரவுண்டு கெடக்குல்லா அண்ணாச்சி"

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ரக்பி லீக்கில் ஒரு டிரை கோட்டிலிருந்து மறு டிரை கோடு வரைக்குமே 100 மீட்டர். அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் 6 முதல் 11 மீட்டர் வரை இன்கோல் பகுதி வேண்டும். பந்தைத் தரையில் வைத்து டிரை, அதாவது புள்ளி, எடுப்பது அங்கேதான். ஆக மொத்தம் 112இலிருந்து 122 மீட்டர். அகலம் அதே 68.

திறந்த வெளியில் இது பெரிய சிக்கல் இல்லை. 400 மீட்டர் ஓடுதளம் சுற்றிவரும் அரங்கத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். கால்பந்துக் கோடு ஓடுதளத்துக்குள் அடங்கிவிடும். ரக்பியின் நான்கு மூலைகளோ வளைவில் போய் முட்டும். இன்கோலை 6 மீட்டராகக் குறைத்தாலும் மூலை ஓடுதளத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஓரத்தில் ஓடிவரும் ஆள் பந்தோடு பாய்ந்து விழுவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். விளிம்புக் கட்டையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம்.

கம்பமும் அப்படியே. கால்பந்து கோல் கம்பத்தின் மேல் மூங்கிலைக் கட்டினால் ரக்பி கம்பம் ஆகிவிடாது. கால்பந்தில் குறுக்குக் கம்பி 2.44 மீட்டர் உயரம், இடைவெளி 7.32 மீட்டர். லீக்கில் உயரம் 3 மீட்டர், இடைவெளி 5.5 மீட்டர். வெல்டிங் பட்டறையில் தனியாகத்தான் செய்யச் சொல்ல வேண்டும். அடியில் கனமான ஸ்பாஞ்ச் உறையும் சுற்ற வேண்டும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மண்ணில்தான் காசு கரைகிறது. கடலோரத்தில் ஒரு கிளப், ஊர் பெயர் வேண்டாம், வசூலித்த பணத்தில் டிப்பர் டிப்பராகச் செம்மண் இறக்கியது. தண்ணீர் விட்டு ரோடு ரோலரை ஓட்டினார்கள். காய்ந்ததும் மறுபடி ஓட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நெல் காயப்போடலாம். அப்புறம் வெளியூரிலிருந்து ரக்பி பயிற்சியாளர் ஒருவர் பார்க்க வந்தார். நடுவில் நின்று குதிகாலை ஊன்றி அழுத்தினார். தடமே விழவில்லை. "இதுல ஒரு டேக்கிள் விழுந்தா தோள்பட்டை போயிடும், ஆட விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் கிளம்பினார். அதன்பிறகு டிராக்டர் விட்டு உழுது, மணல் கலந்து, புல் நட்டார்கள். புல் பிடிப்பதற்குள் பேசிவைத்திருந்த அணி வேறு இடம் பார்த்துக்கொண்டது. இறுக்கவும் பணம், இளக்கவும் பணம். இத்தனையும் ஊருக்கே தெரிந்த கதை. தெரிந்தும் போன வாரம் ஒருவன் வந்து, "அண்ணாச்சி, ரோலருக்குச் சொல்லி வச்சாச்சு" என்கிறான்!

வாலிபாலுக்கு இறுகிய தரை சரி. டேக்கிள் என்று ஆளை ஆள் கட்டிப்பிடித்து நிமிடத்துக்கு நாலு தடவை தரையில் சாய்க்கிற ஆட்டத்துக்கு மணல் கலந்த மண்ணும் அடர்ந்த புல்லும் வேண்டும். வெயில் காலத்தில் சாயங்காலம் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கைரோலர் போதும். ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரைக் கையால் அழுத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் ஆடலாம். சுத்தியல் தேடினால் ஆட்டத்தைத் தள்ளிவையுங்கள்.

ஆடுகிற பையனின் கூலியை மறப்பது

லீக் என்ற ஆட்டம் பிறந்ததே கூலிப் பிரச்சினையில்தான். வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள், ஆட்டத்துக்காக விடுப்பு எடுத்தால் இழந்த கூலியைத் தர வேண்டும் என்று அவர்களுடைய கிளப்புகள் கேட்டன. அப்போதைய ரக்பி மேலிடம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஓட்டலில் கூடித் தனியாகப் பிரிந்தார்கள். நம் கடற்கரைப் பையன்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கடலுக்குப் போகாத நாளில் பாடு, அதாவது வருமானம், கிடையாது. பயிற்சி முகாம், ஆட்ட நாள் இரண்டுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கு நாள்கூலி ஒதுக்குங்கள். வெளிநாட்டு விருந்தினர் சாப்பாட்டுக்கு அள்ளிக்கொடுத்துவிட்டு இவர்களுக்குச் சால்வை போர்த்தி அனுப்பாதீர்கள்.

108 வரும் என்று இருப்பது

வரும். ஆனால் தலையில் அடிபட்டவனை இனி ஆடவிடக் கூடாது என்று முடிவெடுக்கிற டாக்டர் மைதானத்திலேயே நிற்க வேண்டும்.

அனுமதி வருவதற்கு முன்பே ஃபிளெக்ஸ்

வேண்டாம்.

கால்பந்து வர்ணனையாளரிடம் மைக்கைக் கொடுப்பது

நம்ம ஊர்க் கூட்டம் சும்மா உட்கார்ந்து பார்க்காது. "பந்தை ஏன் அவனுக்குக் கொடுத்தான்?" என்று ரெஃப்ரியோடு சண்டைக்குப் போகும். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள், ஆறாவதும் முடிந்தால் பந்து எதிரணிக்கு. கையால் முன்பக்கம் வீசக் கூடாது. டிரைக்கு நாலு புள்ளி. இந்த மூன்றையும் முதல் பத்து நிமிடத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிற ஆளைப் பிடியுங்கள்.

தேதி

இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை எந்த நாளை நம்புவது? நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா தொடங்கிவிடும். ஐயப்ப பக்தர்கள் வரத்து ஜனவரி நடு வரைக்கும், கன்னியாகுமரி லாட்ஜில் அறை கேட்டால் சிரிப்பார்கள். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, அதை ஒட்டியே பிளஸ் டூ தேர்வு, பள்ளி மைதானம் கிடைக்காது. பொங்கல் முடிந்து மாசி பிறக்கும் வரை உள்ள சில வாரங்கள்தான் கணக்கு.

அணி திருவனந்தபுரத்தில் இறங்கும். களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாக வரும் நெரிசலையும் நேரத்தில் சேருங்கள். அப்புறம் லாட்ஜ். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அந்த விவரத்தை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். சின்ன லாட்ஜ் பலவற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.