மரைக்கு எந்த ரவை? கடல் கடந்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கு

இது இலங்கையில் சுடுவதற்கான குறிப்பு அல்ல. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இங்கே புள்ளிமானையோ மரையையோ சுடுவது குற்றம். உரிமம் உள்ள துவக்கு கையில் இருந்தாலும் குற்றம்தான். மெல்பேர்ணிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் மச்சான் "இந்தமுறை வா, காட்டுக்குப் போவம்" என்று கூப்பிட, கொழும்பிலிருந்து விமானம் ஏறப்போகிறவருக்காக எழுதியது. மெல்பேர்ண் இருக்கும் விக்டோரியா மாநிலத்திலும் நியூசிலாந்திலும் முறையான அனுமதி எடுத்தால் மரையை வேட்டையாடலாம். நியூசிலாந்து மரைகளின் முன்னோர் 1870களில் இங்கிருந்து கப்பலேறியவை. ஹோர்ட்டன் சமவெளியில் அந்தியில் புல் மேயும் அதே இனம்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். ரவை என்பது முழுத் தோட்டா: பித்தளைக் கோது, அடியில் தட்டினால் தீப்பற்றும் பிறைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் பறந்து போகும் சன்னம். கடையில் நிற்பவர்கள் கலிபரைப் பற்றியே, அதாவது குழல் விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் .308 போன்ற எண்ணைப் பற்றியே, பேசுவார்கள். மானைச் சுத்தமாக விழுத்துவது சன்னத்தின் அமைப்பு. ஒரே .308 துவக்கில் ஒரு சன்னம் மானை நின்ற இடத்தில் சரிக்கும். இன்னொன்று ஊசி போல ஊடுருவிப் போக, மான் ஒரு மைல் ஓடிப் புதருக்குள் கிடந்து சாகும்.

ஆனாலும் தொடங்க வேண்டியது சட்டத்தில். நாட்டுக்கு நாடு கணக்கு வேறு, பிழைத்தால் ரவைப் பெட்டி வீண். விக்டோரியாவில் மரை, செம்மான், ருசா மான்களுக்கு .270 கலிபருக்கும் 130 கிறேனுக்கும் குறையாத சன்னம் வேண்டும். புள்ளிமானுக்கும் பலோ மானுக்கும் .243, 80 கிறேன் போதும். ஒரு கிறேன் 0.0648 கிராம். இங்கே பலர் தடுக்குவது 6.5 கிறீட்மோரில். நல்ல ரவைதான், ஆனால் 6.5 மில்லிமீற்றர் .270 ஐ (6.86 மில்லிமீற்றரை) எட்டாது. ஆகவே விக்டோரியாவில் மரைக்கு அது சட்டப்படி செல்லாது. இங்கிலாந்தில் 1991 ஆம் ஆண்டின் மான் சட்டம் பெரிய மான்களுக்கு .240 க்குக் குறையாத கலிபர், குழல்வாயில் 1,700 அடி-இறாத்தல் சக்தி, விரியும் வகைச் சன்னம் ஆகியவற்றைக் கேட்கிறது.

நோர்வேயின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. செம்மானுக்கும் எல்குக்கும் (மூஸ் என்ற பெரிய மான், நம்மூர் மரை அல்ல) சன்னம் 9 கிராமுக்குக் குறையக்கூடாது. 9 முதல் 10 கிராம் வரை என்றால் 100 மீற்றரில் 2,700 ஜூல் சக்தி இருக்க வேண்டும். 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2,200 ஜூல். அளவு எடுப்பது 100 மீற்றரில், குழல்வாயில் அல்ல. விக்டோரியாவில் சரியாகப் பொருந்தும் .270 இன் 130 கிறேன் சன்னம் 8.4 கிராம்தான், அதை ஒஸ்லோவுக்குக் கொண்டுபோனால் செம்மானுக்கு உதவாது, 140 கிறேன் எடுக்க வேண்டும். பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அட்டவணையில் எடை, வேகம், சக்தி மூன்றும் இருக்கும். வாங்குமுன் அதை வாசியுங்கள்.

கலிபரை நீட்டி முழக்கத் தேவையில்லை. மச்சானிடம் இருக்கும் துவக்கு எதுவோ அதுவே உங்கள் கலிபர். சிறிய, நடுத்தர மான்களுக்கு .243 வின்செஸ்ரர் 100 கிறேனுடன் போதும், தோளிலும் இடிக்காது. எல்லாவற்றுக்கும் பொதுவானது .308 வின்செஸ்ரர், 150 அல்லது 165 கிறேன்: 150 கிறேன் சன்னம் குழல்வாயை விட்டு விநாடிக்கு ஏறத்தாழ 860 மீற்றர் வேகத்தில் வெளியேறும், சக்தி 3,590 ஜூல் அளவில் வரும். வளர்ந்த ஆண் மரை 200 கிலோவைத் தாண்டும், தோல் தடிப்பு, எலும்பு கனம், அதற்கு.308 அல்லது .30-06 இல் 165 முதல் 180 கிறேன். "பெரிய மிருகம், பெரிய துவக்கு" என்று .300 மக்னத்தைத் தூக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. பழகாத தோளுக்கு அது வேண்டாம். இரண்டாவது வெடியிலேயே கண் தானாக மூடும், விரல் விசையை வெட்டி இழுக்கும், வயிற்றில் பட்ட.300 ஐ விட நெஞ்சில் பட்ட .243 மேல்.

இனி சன்னம். முழு உறையிட்ட சன்னத்தை, அதாவது இராணுவப் பாணியில் முனைவரை செப்பு மூடியதை, மானுக்குத் தொடவே வேண்டாம். அது விரியாது. மலிவாகக் கிடைப்பதால் அட்டையில் சுட்டுப் பழக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மென்முனைச் சன்னத்தில் ஈயம் முனையில் வெளியே தெரியும். பட்டதும் காளான் போல விரியும். வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 550 மீற்றர்வரை குறைந்தாலும் பெரும்பாலானவை விரிந்துவிடும். 150 மீற்றருக்குள் நடுத்தர மானுக்கு இதைவிடச் செலவழிக்க வேண்டியதில்லை. பிளாஸ்ரிக் முனை வைத்தவை தூரத்துக்கு நல்லவை, ஆனால் அவற்றில் சில மிக வேகமாக விரியும். அப்படிப்பட்ட இலேசான சன்னத்தை 40 மீற்றரில் மரையின் தோள் எலும்பில் சுட்டால், எலும்பிலேயே நொறுங்கி மேற்காயத்தோடு நின்றுவிடும். விக்டோரியாவின் மலைக்காடுகளில் மரை திடீரென்று கிட்டத்தில்தான் எழும்பும், ஆகவே இதை மறக்கக்கூடாது. உறையையும் ஈயத்தையும் ஒட்டவைத்த பிணைப்புச் சன்னம் அந்த இடத்துக்கு உரியது: எலும்பை உடைத்தும் எடையின் பெரும்பகுதியோடு உள்ளே போகும். அதையே 25 கிலோ றோ மானுக்குச் சுட்டால் விரிய நேரமில்லாமல் மறுபக்கம் வந்துவிடும். மிருகம் பெரிதாகவும் தூரம் கிட்டவாகவும் இருந்தால் கடினமான சன்னம், மிருகம் சிறிதாகவும் தூரம் எட்டவாகவும் இருந்தால் மென்மையானது. விலைப்பட்டியல் இந்த வரிசையில் போகாது. விலை கூடியது உங்கள் மானுக்குப் பிழையானதாக இருக்கலாம்.

முழுச் செப்புச் சன்னம் தனிக் கதை. ஈயத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 11.3 கிராம், செப்பின் அடர்த்தி 8.96. ஒரே எடைக்குச் செப்புச் சன்னம் நீளமாக இருக்கும். நீளமான சன்னம் நிலைகொள்ளக் குழலுக்குள் இருக்கும் சுருள்வரி இறுக்கமாகச் சுற்ற வேண்டும். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள பழைய.243 குழல்கள் இதற்குச் சிலவேளை தோற்கும். அட்டையில் துளை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம் போல நீண்டிருந்தால், சன்னம் பக்கவாட்டில் போய்ப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ரவையை அந்தத் துவக்கில் மறந்துவிடுங்கள். வழக்கம் என்னவென்றால் ஒரு படி எடை குறைப்பது: ஈயத்தில் 165 சுடுபவர் செப்பில் 150 எடுப்பார். குறைக்கும்போது சட்டத்தின் அடிமட்ட எடைக்குக் கீழே போய்விடாதீர்கள். செப்பு விரிய வேகமும் கூடுதலாக வேண்டும், பலவற்றுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 600 மீற்றர். .308 இல் 250 மீற்றருக்கு அப்பால் அதை நம்பாமல் இருப்பது நல்லது.

செப்பு வாங்குவதற்கு உண்மையான காரணம் சமையலறையில் இருக்கிறது. ஈயச் சன்னம் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளை இறைச்சிக்குள் சிதறவிடும். ஈயத்தால் சுட்டால், காயத்தைச் சுற்றிக் குறைந்தது ஒரு கையகலம் தாராளமாக வெட்டி எறியுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த இறைச்சியைக் கொடுக்காதிருப்பதே பாதுகாப்பு.

பெட்டியை எடுத்ததும் கோதின் அடியில் பொறித்திருப்பதையும் குழலில் பொறித்திருப்பதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ".308 மாதிரித்தான்" என்ற பேச்சுக்கு இடமில்லை. 7மிமீ-08 ரவை .308 அறைக்குள் புகுந்துவிடும், வெடித்தும்விடும். சன்னம் குழலைப் பிடிக்காது, எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. .30-06 அறையில் .308 வெடித்தால் கோது கிழிந்து சூடான வாயு முகத்துக்கு வரலாம்.

பிறகு சோதனை. மூன்று தயாரிப்புகளில் ஒவ்வொரு பெட்டி, அதாவது இருபது இருபது ரவை வாங்குங்கள். மேசையில் மணல்மூட்டை வைத்து 100 மீற்றரில் மூன்று மூன்றாகச் சுடுங்கள். ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு குழல் கையால் தொடக்கூடிய சூட்டுக்கு ஆறட்டும். சூடான குழல் பொய் சொல்லும். செப்பிலிருந்து ஈயத்துக்கோ மறுபக்கமோ மாறும்போது குழலைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். மூன்று துளையும் 5 சென்ரிமீற்றருக்குள் விழுந்தால் மான் வேட்டைக்குப் போதும். விலை கூடியதுதான் வெல்லும் என்றில்லை. துவக்குக்கும் நாக்கு உண்டு, சிலது பிடிக்கும், சிலது பிடிக்காது. எது வென்றதோ அதையே, பெட்டியில் உள்ள தொகுதி இலக்கமும் ஒன்றாக இருக்குமாறு, இன்னும் மூன்று பெட்டி எடுங்கள். தொகுதி மாறினால் படும் இடமும் சற்று மாறலாம்.

ஸ்கோப்பில் ஒரு சொடுக்கு கால் நிமிடக்கோணம் என்றால் 100 மீற்றரில் சன்னம் 7 மில்லிமீற்றர் நகரும். .308, 150 கிறேனுக்கு 100 மீற்றரில் 5 சென்ரிமீற்றர் மேலே படும்படி வைத்தால், அதாவது மையத்திலிருந்து ஏழு சொடுக்கு, 200 மீற்றரில் ஏறத்தாழ மையத்துக்கு வந்துவிடும். 300 மீற்றரில் ஒரு சாணுக்கு மேல் கீழே இறங்கும். பக்கம் காட்டி நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம்: அங்கேதான் இதயமும் நுரையீரலும். பின்னால் மண்மேடு இல்லாமல் மலைமுகட்டில் நிற்கும் மானுக்குச் சுடவேண்டாம். தவறிய சன்னம் மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும்.

ரவையைக் கொழும்பிலிருந்து கொண்டுபோகவும் வேண்டாம், திருப்பிக் கொண்டுவரவும் வேண்டாம். விமானங்கள் முன் அனுமதியோடு ஆளுக்கு 5 கிலோவரை பொதிப்பெட்டியில் ஏற்றலாம் என்ற விதி உண்டு, ஆனால் அந்தக் கடுதாசி வேலை ஒரு பெட்டி ரவையின் விலைக்குப் பெறுமதியில்லை. போகும் ஊரிலேயே, உரிமம் உள்ளவர் வழியாக வாங்குங்கள். திரும்பும்போது ஜக்கற் சேப்பு, பையின் அடிமடிப்பு, சப்பாத்துக்குள் எல்லாம் கையைவிட்டுத் தேடுங்கள். நினைவுக்காக எடுத்த ஒரு வெற்றுக் கோதே கட்டுநாயக்காவில் உங்களை மணிக்கணக்கில் உட்காரவைக்கப் போதும்.