வரைபடம் கோணலாக வந்தால் முதலில் தரவைப் பாருங்கள்

தரவை அலசப் பயன்படும் ஆர் (R) என்ற நிரல்மொழியில் வரைபடம் போட்டுப் பழகுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. அச்சில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கறுப்பாகத் தெரிகின்றன, எப்படிச் சாய்ப்பது? கோடு வரையச் சொன்னால் வெறும் கட்டம்தான் வருகிறது, ஏன்? ஜனவரிக்கு முன்னால் ஏப்ரல் வந்து நிற்கிறதே, எப்படி மாற்றுவது? மூன்றுக்கும் வரைபடக் கட்டளைக்குள்ளேயே விடை இருக்கும் என்று நம்பி எழுத்தின் அளவு, கோணம், நிறம் என்று மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. எண் என்று நாம் நினைக்கும் நெடுவரிசையை ஆர் எழுத்தாகப் படித்து வைத்திருக்கும். அச்சைச் சாய்த்து அதை மறைத்துவிட்டால் படம் பார்க்க ஒழுங்காகிவிடும், தவறு உள்ளேயே இருக்கும்.

உண்மையான கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாசாவின் கோடார்ட் ஆய்வு மையம் வெளியிடும் உலக சராசரி வெப்பநிலை அட்டவணையை ஜிஸ்டெம்ப் என்பார்கள். 1951–1980 சராசரியைவிட எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று 1880 முதல் மாதவாரியாக டிகிரி செல்சியஸில் அது சொல்லும். கோப்பு சிறியது, இலவசம். புவி வெப்பமாதலை வரைய வரும் மாணவர்கள் பலர் இதில்தான் கைவைக்கிறார்கள். தரவில் குறையில்லை. ஆனால் மனிதர் கண்ணால் பார்த்துப் படிக்க வசதியாகப் போட்ட அட்டவணை அது.

முதல் வரியில் தலைப்பு மட்டும் இருக்கும். நெடுவரிசைப் பெயர்கள் இரண்டாவது வரியில்தான் வரும். மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய சிஎஸ்வி கோப்புகளைப் படிக்கும் ‘ரீட்.சிஎஸ்வி’ கட்டளையைக் கொண்டு அப்படியே படித்தால், பெயர்களைவிட நெடுவரிசைகள் அதிகம் என்று ஆர் நின்றுவிடும். நல்லது. நின்றுபோகிற பிழை யாரையும் ஏமாற்றுவதில்லை. ‘ஸ்கிப் = 1’ என்று சேர்த்தால் முதல் வரியைத் தாண்டிவிடும்.

ஏமாற்றுவது அடுத்தது. இன்னும் தரவு வராத மாதங்களுக்கு அந்தக் கோப்பில் மூன்று நட்சத்திரக் குறிகள் போட்டிருப்பார்கள். 1880-இன் டிசம்பர்–பிப்ரவரி சராசரிக்கும் நட்சத்திரம்தான், ஏனென்றால் 1879 டிசம்பர் அட்டவணையிலேயே இல்லை. ஒரு நெடுவரிசைக்கு ஒரே வகை என்பது ஆரின் விதி. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட எண்களுக்கு நடுவே ஒரே ஒரு நட்சத்திரம் இருந்தாலும் போதும், நெடுவரிசை முழுவதும் எழுத்தாகிவிடும். ஆண்டு நடுவில் கோப்பை இறக்கினால் டிசம்பர் நெடுவரிசையும் ஆண்டுச் சராசரியும் எழுத்தாக வரும். பன்னிரண்டு மாதமும் நிரம்பியபின், புதிய ஆண்டின் வரிசை சேருமுன் இறக்கினால் அதே இரண்டும் எண்ணாக வரும். போன முறை ஓடிய நிரல் இந்த முறை ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்குக் காரணம் பல நேரம் இதுதான்.

இதைச் சரிசெய்ய வேண்டிய இடம் கோப்பைப் படிக்கும் கட்டளை. ‘என்ஏ.ஸ்ட்ரிங்ஸ்’ என்ற இடத்தில் மூன்று நட்சத்திரங்களைக் கொடுத்தால் அவை விடுபட்ட மதிப்புகளாகப் பதிவாகும், மற்றவை எண்ணாகவே வரும். சிலர் கோப்பைத் திறந்து நட்சத்திரத்தை எல்லாம் பூஜ்யமாக மாற்றிவிடுகிறார்கள். இந்த அட்டவணையில் பூஜ்யம் என்றால் ‘1951–1980 சராசரிக்குச் சமம்’ என்று பொருள். வெப்பம் ஏறிக்கொண்டே வந்த கோடு கடைசி மாதங்களில் திடீரென்று அரை நூற்றாண்டுக்கு முந்தைய நிலைக்கு விழுந்துவிடும். இப்படி ஒரு படம் வெளியே போனால் அதை வைத்துக்கொண்டு யார் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அகலமான அட்டவணையை அப்படியே வரையப் பார்ப்பது

அந்தக் கோப்பில் ஒவ்வொரு மாதமும் ஒரு நெடுவரிசை. ஆரில் வரைபடம் போடப் பயன்படும் ஜிஜிபிளாட் தொகுப்பு எதிர்பார்ப்பது ஆண்டு, மாதம், மதிப்பு என்று மூன்றே நெடுவரிசைகள் கொண்ட நீளமான அட்டவணையை. இது தெரியாமல் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கோடு என்று பன்னிரண்டு முறை ஒரே கட்டளையை ஒட்டி, பன்னிரண்டு நிறங்களைக் கையால் எழுதுகிறார்கள். விளக்கக்குறிப்புப் பெட்டி வரவில்லை என்ற கேள்வி அதற்குப் பின்னால் நிச்சயம் வரும். 2019-இல் டைடிஆர் தொகுப்பில் வந்த ‘பிவட்_லாங்கர்’ ஒரே வரியில் இந்த வேலையை முடித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. மாதங்களுக்கு வலப்பக்கம் ஆண்டுச் சராசரி இரண்டு, பருவச் சராசரி நான்கு என ஆறு நெடுவரிசைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆண்டைத் தவிர எல்லாவற்றையும் நீளமாக்கு என்று சொன்னால் அவையும் மாதங்களோடு மாதங்களாக உள்ளே வந்துவிடும். பிறகு எடுக்கும் சராசரியில் ஏற்கெனவே சராசரியானவையும் கலந்திருக்கும். உலக வங்கியின் தரவுகளிலும் இதே சிக்கல் வேறு உருவில் உண்டு: நாடுகளின் பட்டியலுக்குள்ளேயே ‘உலகம்’, ‘தெற்காசியா’, ‘யூரோ மண்டலம்’ போன்ற கூட்டு வரிசைகளும் கிடக்கும். மக்கள்தொகையைப் பட்டை வரைபடமாகப் போட்டால் ‘உலகம்’ என்ற நாடு முதலிடம் பிடிக்கும். அலுவலக எக்செல் கோப்புகளின் அடியில் உட்கார்ந்திருக்கும் ‘மொத்தம்’ வரிசையும் இதே ரகம்.

மாதங்கள் அகரவரிசையில் வருவது ஜிஜிபிளாட்டின் கோளாறு அல்ல. எழுத்துக்கு அதற்குத் தெரிந்த ஒரே வரிசை அதுதான். மாதப் பெயர்களை ஃபேக்டராக்கி (ஒவ்வொரு தனி மதிப்புக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து வைக்கும் வகை அது), ‘மன்த்.ஏபிபி’ என்று ஆரிலேயே தயாராக இருக்கும் பட்டியலை வரிசையாகக் கொடுத்தால் ஜனவரி முன்னால் வந்துவிடும். ஆங்கில மூன்றெழுத்துப் பெயர்கள்தான் அதில் உண்டு; தை, மாசி என்று போட வேண்டுமானால் பட்டியலை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஃபேக்டரை நேராக எண்ணாக்குவது

இந்தத் தவறில் எச்சரிக்கைகூட வராது, அதனால்தான் இது மோசமானது. எழுத்தாகப் படிக்கப்பட்ட 10, 20, 5 என்ற மதிப்புகள் ஒரு ஃபேக்டருக்குள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ‘ஆஸ்.நியூமெரிக்’ போட்டால் 1, 2, 3 என்று வரும். உள்ளே இருக்கும் வரிசை எண்களைத்தான் ஆர் தருகிறது. வரைந்தால் அழகான ஏறுமுகக் கோடு! முதலில் ‘ஆஸ்.கேரக்டர்’, அப்புறம்தான் ‘ஆஸ்.நியூமெரிக்’. 2020 ஏப்ரலில் வெளிவந்த ஆர் 4.0.0 பதிப்புக்கு முன்பு, படிக்கும் எழுத்தையெல்லாம் ஆர் தானாகவே ஃபேக்டராக்கிவிடும். இப்போது அப்படியில்லை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பல அந்தக் காலத்தவை. அவற்றிலிருந்து வரிகளை எடுத்து ஒட்டும்போது கவனம் தேவை.

காற்புள்ளியிலும் கவனம் வேண்டும். 12,34,567 என்று நம் ஊர் முறையில் எழுதிய எண்ணை ‘ஆஸ்.நியூமெரிக்’ ஏற்காது, விடுபட்ட மதிப்பாக்கிவிடும். ரீடர் தொகுப்பின் ‘பார்ஸ்_நம்பர்’ காற்புள்ளிகளை நீக்கிச் சரியாக எடுத்துக்கொள்ளும். அதே கட்டளையிடம் ஜெர்மனியிலிருந்து வந்த 3,14-ஐக் கொடுத்தால் 314 என்று திருப்பித் தரும், ஏனென்றால் அங்கே காற்புள்ளிதான் தசமப் புள்ளி. தரவு எந்த நாட்டுப் பழக்கத்தில் எழுதப்பட்டது என்பதை எந்தத் தொகுப்பும் தானாகக் கண்டுபிடிக்காது.

தேதி

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். 2021 ஏப்ரல் 3 என்பதை 03/04/2021 என்று எழுதுகிறோம். வடிவம் எதுவும் சொல்லாமல் ‘ஆஸ்.டேட்’ கட்டளையிடம் கொடுத்தால், ஆண்டு முதலில் வரும் என்று அது எதிர்பார்த்து, மூன்றாம் ஆண்டு ஏப்ரல் 20 என்று படிக்கும். கிறிஸ்து பிறந்து மூன்று ஆண்டு! பிழைச் செய்தி கிடையாது. அச்சு விசித்திரமாக இருப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, வடிவத்தைச் சொல்லிவிடுவோம் என்று போகும்போது இன்னொரு குழி. ஆண்டைக் குறிக்கும் ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்து பெரியதாக இருந்தால் நான்கு இலக்கம், சிறியதாக இருந்தால் இரண்டு இலக்கம். சிறிய எழுத்தைப் போட்டுவிட்டால் 2021-இல் முதல் இரண்டு இலக்கமான 20-ஐ மட்டும் எடுத்து 2020 என்று முடித்துவிடும், மீதியைக் கண்டுகொள்ளாது. 2015 ஆகட்டும், 2023 ஆகட்டும், எல்லாமே 2020. ஒன்பது ஆண்டுத் தரவு ஒரே ஆண்டுக்குள் மடிந்து, கோடு மேலும் கீழுமாக ரம்பம்போல் தெரியும். தரவில் இரைச்சல் அதிகம் என்று முடிவுகட்டி அதை மென்மையாக்கும் வளைகோட்டைப் போடுபவர்கள் உண்டு.

எக்செல் நடுவில் வந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட கணினியில் இப்படித் தேதி எழுதிய கோப்பைத் திறந்தால், 03/04/2021 என்பதை எக்செல் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/04/2021-க்கு அந்த முறையில் பதின்மூன்றாம் மாதம் இல்லை, ஆகவே அது எழுத்தாகவே தங்கிவிடும். பிறகு எக்செல் கோப்பாகச் சேமித்து ஆரில் படித்தால் ஒரே நெடுவரிசையில் சில இடங்களில் 44259 என்ற எண், சில இடங்களில் சாய்கோடு போட்ட தேதி. 44259 என்பது மார்ச் 4-க்கு எக்செல் வைத்திருக்கும் நாள் எண். 1899 டிசம்பர் 30-ஐத் தொடக்கமாகக் கொடுத்தால் ஆர் அதைத் தேதியாக்கும். (1900-ஐ லீப் ஆண்டு என்று கணக்கிடும் ஒரு பழைய பிழையை எக்செல் இன்றும் சுமந்துகொண்டிருப்பதால்தான் இந்த விநோதமான தொடக்க நாள்.) ஆனால் எண்ணாகிப்போன தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன, அவற்றைத் திருப்பிப் போட வேண்டும். எழுத்தாக இருப்பவற்றைத் திருப்பக் கூடாது. எண்களை மட்டும் மாற்றிவிட்டு, எழுத்தாக நிற்பவற்றை ‘கெட்ட தரவு’ என்று தள்ளிவிடுவதே வழக்கமாக நடக்கிறது. இருப்பதில் ஒழுங்காக இருந்தவை அவைதான்.

எக்செலின் இந்தத் தேதி ஆசை மரபணுவியலையே ஆட்டிவைத்தது. எஸ்இபிடி2, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களை அது தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. 2020-இல் அதற்கான விதிமுறையும் வெளியானது. ஆகவே, சிஎஸ்வி கோப்பை ‘சும்மா ஒரு தடவை பார்க்க’ எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். மூலக் கோப்பு வந்தபடியே இருக்கட்டும், திருத்தமெல்லாம் நிரலில் இருக்கட்டும்.

விடுபட்டதும் விடுபடாததும்

விடுபட்ட மதிப்பை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. அன்றாட வானிலைப் பதிவுகளின் உலகத் தொகுப்பான ஜிஹெச்சிஎன்-இல் அது −9999. அதே தொகுப்பில் வெப்பநிலை பத்தில் ஒரு டிகிரி அலகில் இருக்கும், 345 என்றால் 34.5. ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோஸ்டாட் அரைப்புள்ளியின் தம்பியான முக்காற்புள்ளியைப் போடும். எண்ணுக்குப் பக்கத்தில் ‘தற்காலிகமானது’ என்று குறிக்க ஓர் எழுத்தையும் ஒட்டும். பயிற்சிகளில் புழங்கும் பிமா நீரிழிவுத் தரவில் 768 பெண்களில் 374 பேருக்கு இன்சுலின் பூஜ்யம், 35 பேருக்கு இரத்த அழுத்தம் பூஜ்யம். உயிரோடு இருப்பவர் யாருக்கும் இரத்த அழுத்தம் பூஜ்யமாக இருக்காது.

நேர்மாறான விபத்தும் உண்டு. நமீபியாவின் ஈரெழுத்து நாட்டுக் குறியீடு என்ஏ. ஆரில் விடுபட்ட மதிப்புக்கும் அதே குறி. ‘ரீட்.சிஎஸ்வி’ வழக்கப்படி படித்தால் ஆப்பிரிக்க வரைபடத்தில் ஒரு நாடு சத்தமில்லாமல் காணாமல்போகும்.

விடுபட்டவை தொல்லை என்று, ஒரு மதிப்பு இல்லாவிட்டாலும் அந்த வரிசையையே நீக்கிவிடும் ‘என்ஏ.ஒமிட்’ கட்டளையை அட்டவணை முழுவதற்கும் போடுவதையும் விட்டுவிடலாம். ஆருடன் வரும் ‘ஏர்க்வாலிட்டி’ அட்டவணையில் நியூயார்க்கின் 1973 மே முதல் செப்டம்பர் வரையான 153 நாட்கள் உள்ளன. ஓசோன் அளவு இல்லாதவை 37. முழு அட்டவணைக்கும் அந்தக் கட்டளையைப் போட்டால் 111 நாட்கள்தான் மிஞ்சும். வெப்பநிலையை மட்டும் வரைய வந்தவர், அதில் ஒரு நாள்கூட விடுபடாதபோதும் 42 நாட்களை இழக்கிறார்.

கடைசியில் வெற்றிடம் ஒட்டிய ஊர்ப்பெயர் தனி நிறத்தில் தனி ஊராக வருவது எளிதில் தீரும், ‘ட்ரிம்டபிள்யூஎஸ்’ போதும். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த பெயர்களில் உடையா வெற்றிடம் என்று ஒன்று இருக்கும். அது வழக்கமான அமைப்பில் போகாது, தனியே சொல்ல வேண்டும்.

எண்ணாக்கும்போது ‘சில மதிப்புகள் விடுபட்டவையாக மாறின’ என்று ஆர் எச்சரித்தால் அதை அடக்கும் கட்டளையைத் தேடாதீர்கள். மாறுமுன் அந்த இடங்களில் என்ன எழுதியிருந்தது என்று ‘டேபிள்’ போட்டு எண்ணிப் பாருங்கள். நட்சத்திரமா, கோடா, ‘இல்லை’ என்ற சொல்லா, காற்புள்ளி போட்ட நல்ல எண்ணா என்பது உடனே தெரிந்துவிடும். அப்புறம் ‘எஸ்டிஆர்’ போட்டு வகைகளையும், ‘சம்மரி’ போட்டு மிகச் சிறிய, மிகப் பெரிய மதிப்புகளையும் பார்த்துவிட்டு வரையத் தொடங்குங்கள். −9999-உம், மூன்றாம் ஆண்டு ஏப்ரலும், பூஜ்ய இரத்த அழுத்தமும் அங்கேயே பல்லைக் காட்டிவிடும்.