விக்டோரியாவில் பதினாறு வயதுப் பிள்ளை வாகனம் ஓட்டப் பழகும்போது: புதிதாக வந்த பெற்றோருக்கு

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள மெல்பேர்ணுக்குக் குடிவந்த குடும்பங்களில் வீடு, வேலை, பள்ளிக்கூடம் ஆகியவை ஒருவாறு ஒழுங்கான பின்னர், பதினாறு வயதை எட்டிய பிள்ளை தானும் வாகனம் ஓட்டப் பழகவேண்டும் என்று கேட்கத் தொடங்கும். அந்த வேளையில் பயிற்சிக் கட்டணத்தை மட்டும் விசாரிக்கும் பெற்றோர் பலர். ஆனால் இங்கு இளம் சாரதிகளுக்கான பாதுகாப்புக் கல்வியின் ஒரு பகுதியை ஊர்ச் சமூகமே தொண்டர்களைக் கொண்டு நடத்துகிறது என்பதையும், அதில் நமக்கும் இடமுண்டு என்பதையும் முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

விக்டோரியாவில் 16 வயதில் பயிலுநர் அனுமதி பெறலாம். தனியாக ஓட்டுவதற்கான அனுமதி 18 வயதில்தான் கிடைக்கும். 21 வயதுக்குட்பட்டவர்கள் பயிலுநர் அனுமதியைக் குறைந்தது ஓராண்டு வைத்திருப்பதுடன், 120 மணித்தியாலங்கள் மேற்பார்வையுடன் ஓட்டியதைப் பதிவு செய்யவேண்டும். அவற்றில் 20 மணித்தியாலங்கள் இரவில் ஓட்டியவையாக இருக்கவேண்டும். 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்த 120 மணித்தியால விதி, ஊரில் சில வாரங்களில் பழகி அனுமதிப்பத்திரம் எடுத்த நமக்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால், அருகில் அனுபவமுள்ள ஒருவர் அமர்ந்திருக்கும் காலத்தில் பயிலுநர்கள் விபத்தில் சிக்குவது மிகக் குறைவு என்பதும், அவர்கள் தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களே வாழ்நாளில் மிக ஆபத்தானவை என்பதும் பல நாடுகளில் உறுதிப்பட்ட உண்மைகள். மழை, இருட்டு, நெடுஞ்சாலை, நெரிசல் ஆகிய எல்லாவற்றையும் அந்த மாதங்களுக்கு முன்பே துணையோடு சந்தித்துவிடுவதற்காகத்தான் இத்தனை மணித்தியாலங்கள் கேட்கப்படுகின்றன. ஜூன், ஜூலை மாதங்களில் மாலை ஐந்தரை மணிக்கே இருட்டிவிடுவதால், இரவு மணித்தியாலங்களைப் பள்ளி முடிந்த பின்னரே சேர்த்துவிடலாம்.

இங்குதான் புதிதாக வந்த குடும்பங்கள் இடர்ப்படுகின்றன. மேற்பார்வை செய்பவர் முழுமையான சாரதி அனுமதிப்பத்திரம் உடையவராக இருக்கவேண்டும். ‘பி’ தகடுடன் ஓட்டுபவர், அதாவது சோதனையில் தேறி இன்னும் முழு அனுமதிப்பத்திரம் பெறாத புதிய சாரதி, அருகில் அமர்ந்து பழக்க முடியாது. தந்தை இரவு வேலைக்குச் செல்கிறார், தாய் இன்னும் அனுமதிப்பத்திரம் பெறவில்லை, வீட்டில் ஒரேயொரு வாகனம் என்ற நிலையில் 120 மணித்தியாலங்களுக்கு எங்கே போவது? இத்தகைய பிள்ளைகளுக்காகவே ‘எல் டூ பி’ என்னும் திட்டம் உள்ளது. மேற்பார்வைக்கு ஆளோ ஓட்டிப் பழக வாகனமோ இல்லாத, 21 வயதுக்குட்பட்ட பயிலுநர்களுக்கு, பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவரையும் திட்டத்துக்குரிய வாகனத்தையும் இது ஏற்பாடு செய்து தருகிறது. போக்குவரத்து விபத்து ஆணைக்குழு நிதி வழங்க, உள்ளூர் மாநகர சபைகளும் சமூக அமைப்புகளும் அதனை நடத்துகின்றன. எனவே உங்கள் மாநகர சபையில் விசாரியுங்கள். தொண்டர்களின் தொகையைப் பொறுத்தே இடம் கிடைக்கும் என்பதால், பயிலுநர் அனுமதி கைக்கு வந்தவுடனேயே விண்ணப்பிப்பது சிறந்தது. உதவித் திட்டம் என்பதற்காகக் கூச்சப்பட்டு ஒதுங்கவேண்டிய தேவை எதுவுமில்லை.

பள்ளிக்கூட வழியாக வரும் கல்வியும் உண்டு. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடைபெறும் ‘ரைடா’ நிகழ்ச்சி ரொட்டரி கழகத்தினரின் முயற்சியில் தோன்றியது. இன்றும் ரொட்டரித் தொண்டர்கள் அதற்குத் துணைநிற்கிறார்கள். உயர்வகுப்பு மாணவர்கள் ஒரு நாளை அதற்கெனச் செலவிட்டு, வெவ்வேறு வேகங்களில் வரும் உண்மையான வாகனம் தடையை அழுத்திய பின் எங்கே போய் நிற்கிறது என்பதை நேரில் பார்க்கிறார்கள். கவனச்சிதறல் பற்றியும், உடனிருக்கும் நண்பர்கள் தரும் அழுத்தம் பற்றியும் பேசுகிறார்கள். மணிக்கு 60 கிலோமீற்றரில் செல்லும் வாகனம், சாரதி ஆபத்தைக் கண்டு காலைத் தடையில் வைப்பதற்குள், அதாவது ஒன்றரை வினாடியில், 25 மீற்றர் கடந்துவிடுகிறது. இதைத் தாளில் படிப்பதற்கும் கண்முன்னே பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பாடம் ஒரு நாள் தடைப்படுகிறதே என்று எண்ணி அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடத் தயங்கவேண்டாம் என்று பெற்றோரை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

மாறாக, சறுக்கும் வாகனத்தைக் கட்டுப்படுத்தக் கற்றுத்தரும் ‘மேம்பட்ட’ பயிற்சிகளுக்குப் பெரும்பணம் செலவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இத்தகைய பயிற்சி புதிய சாரதிகளுக்கு அளவுமீறிய தன்னம்பிக்கையைக் கொடுத்து, விபத்தைக் கூட்டவும் கூடும் என்று நோர்வே போன்ற நோர்டிக் (வட ஐரோப்பிய) நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓட்டாத மணித்தியாலங்களை ஓட்டியதாகப் பதிவு செய்யும் வழக்கம் நம்மவரிடையேயும் இருக்கிறது. அது சட்டப்படி குற்றம்; அதைவிட மேலாக, பிள்ளையின் பாதுகாப்பிலிருந்து நாமே திருடிக்கொள்வதாகும். தொழில்முறைப் பயிற்றுநருடன் ஓட்டிய ஒரு மணித்தியாலத்தை மூன்றாகக் கணக்கிடும் சலுகை நியூ சவுத் வேல்ஸில் உண்டு. விக்டோரியாவில் அந்தக் கணக்கு செல்லாது.

மேற்பார்வையாளராக அமரும் பெற்றோரும் தாம் அறிந்ததைச் சற்று மறுபடி பார்க்கவேண்டும். இலங்கையிலும் இந்தியாவிலும் போலவே இங்கும் இடப்பக்கமாகவே ஓட்டுவதால் எல்லாம் பழகியது போலத் தோன்றும். ஆனால் ட்ராம் நிறுத்தத்தில் கதவு திறந்து நிற்கும்போது அதனைக் கடந்து செல்லக்கூடாது. நகர மையத்தின் சில சந்திகளில் வலப்பக்கம் திரும்புவதற்கு இடது ஓரத்திலிருந்தே திரும்பவேண்டும். பள்ளி வலயங்களில் குறித்த நேரங்களில் வேகம் பெரும்பாலும் 40. பக்கத்து இருக்கையிலிருந்து ஆத்திரப்பட்டுக் கத்துவதால் பிள்ளை பதறுமே தவிரப் பழகாது. நம் வீடுகளில் இது அடிக்கடி நடப்பதால்தான், வெளியார் ஒருவரின் அமைதியான துணை சில பிள்ளைகளுக்கு மிகுந்த பயன் தருகிறது.

சோதனையில் தேறிய பின் முதல் ஆண்டு சிவப்பு ‘பி’ தகடு, அடுத்த மூன்று ஆண்டுகள் பச்சை. இந்த நான்கு ஆண்டுகளிலும் மது ஒரு துளியும் கூடாது. கைபடாமல் பேசும் வசதியுடன்கூடத் தொலைபேசி பாவிக்கக்கூடாது. சிவப்புத் தகடு உள்ளவர், 16 முதல் 21 வயது வரையானவர்களில் ஒருவரை மட்டுமே ஏற்றிச் செல்லலாம். உடன்பிறந்தவர்களுக்கு விலக்கு உண்டு. சித்தப்பா பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் அதில் அடங்கமாட்டார்கள். கோவில் திருவிழாவுக்கோ பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கோ எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாகனத்தில் ஏற்றிவிடும் பெரியவர்கள் இதை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

உங்களிடம் முழுமையான அனுமதிப்பத்திரம் இருந்து, வாரத்தில் ஓரிரு மணித்தியாலங்கள் ஒதுக்க முடியுமானால், ‘எல் டூ பி’ தொண்டராகச் சேரலாம். சிறுவர்களுடன் பணியாற்றுவதற்கான அரசாங்கச் சரிபார்ப்பைப் பெறுவதுடன், திட்டத்தினர் நடத்தும் பயிற்சியிலும் கலந்துகொள்ளவேண்டும். தமிழ் பேசும் தொண்டர் இருந்தால், வந்த சில மாதங்களேயான, ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளை வட்டச் சந்தியில் யாருக்கு வழிவிடுவது என்பதைத் தயங்காமல் கேட்டுத் தெளிந்துகொள்ளும். தொண்டராகச் சேரவும் அதே மாநகர சபையில்தான் விசாரிக்கவேண்டும்.