முதல் வாடிக்கையாளருக்கு இணையதளம்: திறந்த மூல மென்பொருள்களோடு தொடக்கம் முதல் ஒப்படைப்பு வரை

கும்பகோணத்தில் வீட்டிலேயே ஆரி வேலைப்பாடு செய்யும் ஓர் அக்காவுக்கு நான் செய்து கொடுத்த இணையதளத்தை வைத்தே இந்த விளக்கத்தை எழுதுகிறேன். முகூர்த்த பிளவுஸ்கள்தான் அவருடைய முக்கிய வேலை. மாலையில் நான்கைந்து பெண்களுக்கு வகுப்பும் எடுக்கிறார். உங்கள் முதல் வாடிக்கையாளரும் இப்படித் தனியாளாகத் தொழில் செய்யும் ஒருவராகத்தான் இருப்பார். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு கணினியும் இணைய இணைப்பும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

1. முகவரி யார் பெயரில்?

எல்லாரும் வடிவமைப்பிலிருந்து தொடங்குவார்கள். நான் டொமைனிலிருந்து, அதாவது தளத்தின் இணைய முகவரியிலிருந்து தொடங்கச் சொல்வேன். இந்த அக்காவுக்கு முன்பே ஒரு இணையதளம் இருந்தது. அதைச் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். ஒரு கட்டத்தில் அவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். பதிவும் காலாவதியானது. விசிட்டிங் கார்டிலும் துணிப்பையிலும் அச்சடித்திருந்த முகவரி ஒரே நாளில் செல்லாக்காசாகிவிட்டது. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வருத்தத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால் வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவருடைய மின்னஞ்சல், அவருடைய கைபேசி எண், அவருடைய பணம் ஆகியவற்றைக் கொண்டே டொமைனை வாங்குங்கள். தளத்தின் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்க வாங்கும் இடமான ஹோஸ்டிங்கும் அப்படியே. தானாகப் புதுப்பிக்கும் வசதியை அப்போதே போட்டுவிடுங்கள்.

2. பேச விடுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்

“உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள்” என்று கேட்டால் ஒரு மாதம் ஆனாலும் வராது. கைபேசியில் ஒலிப்பதிவை ஓட விட்டு, “இந்த பிளவுஸ் எத்தனை நாள் வேலை அக்கா?” என்று கேளுங்கள். குந்தன் வைத்த வேலைக்கும் வெறும் ஜரி வேலைக்கும் என்ன வித்தியாசம், ஏன் கழுத்தளவைத் தைத்த பிறகு மாற்ற முடியாது, முகூர்த்த மாதங்களில் எத்தனை நாள் முன்பே ஆர்டர் தர வேண்டும் என்றெல்லாம் அவரே கொட்டிவிடுவார். அவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொற்கள்தான் தளத்தின் உள்ளடக்கம்.

அப்புறம், வாடிக்கையாளர்கள் அவரிடம் தினமும் கேட்கும் கேள்விகளை வாட்ஸ்அப்பில் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்தவை மூன்றுதான்: விலை என்ன, எத்தனை நாளாகும், வெளியூருக்கு அனுப்புவீர்களா. இந்த மூன்றுக்கும் முகப்புப் பக்கத்திலேயே பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. “விலைக்கு அழைக்கவும்” என்று மட்டும் போடுவது எனக்குப் பிடிக்காது. தொடக்க விலையையாவது போடச் சொல்லுங்கள்.

கூலி பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். எத்தனை பக்கங்கள், எத்தனை முறை திருத்தம், பாதி முன்பணம் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். “மென்பொருள் இலவசம்தானே, அப்புறம் எதற்குக் காசு?” என்று சிலர் கேட்பார்கள். இந்த அக்காவிடம் அதை விளக்கவே தேவைப்படவில்லை. நூலும் மணியும் கடையில் யாருக்கும் கிடைக்கும், கூலி கைவேலைக்கு என்பது அவர் தினமும் தன் வாடிக்கையாளர்களிடம் சொல்வதுதான்.

3. ஏன் வேர்ட்பிரஸ்?

நிரல் எழுதாமலே இணையதளம் கட்டி நடத்த உதவும் திறந்த மூல (யாரும் நிரலை எடுத்து மாற்றலாம் என்ற உரிமமுள்ள) மென்பொருள்தான் வேர்ட்பிரஸ். அது பிறந்த கதை சுருக்கமானது. பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனபோது, அதன் திறந்த உரிமம் அனுமதித்ததால் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் அதை எடுத்து வளர்த்து 2003 மே 27 அன்று வெளியிட்டார்கள். முதலில் செய்தவர் நிறுத்திவிட்டாலும் இன்னொருவர் தொடரலாம். நாம் செய்து கொடுக்கும் தளத்துக்கும் இதே விதிதான் பொருந்தும். நாளை நான் வேறு வேலைக்குப் போய்விட்டாலும், வேர்ட்பிரஸ் தெரிந்த யாரிடமும் அக்கா தன் தளத்தைக் கொடுத்து மேம்படுத்திக்கொள்ளலாம். மாதச் சந்தா கட்டி இழுத்து ஒட்டும் சேவைகளில் வேலை சுலபம்தான். ஆனால் அங்கே செய்த தளத்தை அப்படியே மூட்டை கட்டி வேறிடம் கொண்டுபோக முடிவது அரிது.

4. உங்கள் கணினியிலேயே முதலில் கட்டுங்கள்

எக்ஸ்ஏஎம்பிபி (XAMPP) என்ற திறந்த மூலத் தொகுப்பை நிறுவுங்கள். வேர்ட்பிரஸ் இயங்கத் தேவையான அப்பாச்சி (வழங்கி மென்பொருள்), மரியாடிபி (தரவுத்தளம்), பிஎச்பி (நிரல்மொழி) மூன்றும் அதிலேயே வரும். அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் அப்பாச்சியையும் மைஎஸ்க்யூஎல்லையும் (மரியாடிபி அங்கே இந்தப் பெயரில்தான் இருக்கும்) இயக்குங்கள். அப்பாச்சி தொடங்க மறுத்தால் பெரும்பாலும் 80ஆம் போர்ட்டை வேறொரு மென்பொருள் பிடித்து வைத்திருக்கும். அதை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்.

பிறகு உலாவியில், தரவுத்தளத்தைக் கையாளும் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து ஒரு காலித் தரவுத்தளம் உருவாக்குங்கள். வேர்ட்பிரஸ் கோப்புகளைப் பதிவிறக்கி, எக்ஸ்ஏஎம்பிபியின் எச்டிடாக்ஸ் (htdocs) கோப்புறைக்குள் தனி அடைவாக வையுங்கள். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் கணினியையே குறிக்கும்) முகவரியில் அந்த அடைவைத் திறந்தால் நிறுவல் பக்கம் வரும். அங்கே தரவுத்தளத்தின் பயனர் பெயராக ரூட் (root) என்று கொடுத்து, கடவுச்சொல்லைக் காலியாக விடுங்கள். இது உங்கள் கணினியில் மட்டும். ஹோஸ்டிங்கில் இருக்கும் உண்மையான வழங்கியில் வலுவான கடவுச்சொல் கட்டாயம். வேர்ட்பிரஸ் நிர்வாகியின் பயனர் பெயராக “அட்மின்” என்பதையும் வைக்காதீர்கள். தாக்குபவர்கள் முதலில் முயல்வது அதைத்தான்.

5. வடிவமைப்பும் தமிழ் எழுத்தும்

தீம் (தளத்தின் தோற்றத்துக்கான ஆயத்த வார்ப்பு) தேடி ஒரு வாரம் அலையாதீர்கள். வேர்ட்பிரஸுடன் வரும் ட்வென்டி ட்வென்டி-ஃபைவ் போதும். விலைக்கு விற்கும் தீம் ஒன்றை யாராவது இலவசமாகப் பகிர்ந்திருந்தால் தொடவே தொடாதீர்கள். உள்ளே தீநிரல் இருக்க வாய்ப்பு அதிகம்.

நான் அதிக நேரம் செலவிடுவது எழுத்துருவில்தான். முக்த மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாமே திறந்த உரிமத்தில் கிடைப்பவை. 6.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸிலேயே எழுத்துரு நூலகம் இருக்கிறது. தோற்றம் பகுதியில் எடிட்டரைத் திறந்து, ஸ்டைல்களுக்குள் எழுத்துருப் பகுதிக்குப் போனால் அங்கிருந்தே ஏற்றலாம். உடல் பகுதிக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று என்று இரண்டுக்கு மேல் வேண்டாம்.

ஆங்கிலத்துக்காக அமைத்த வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேலே விசிறியும் கீழே சுழியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். வரி உயரத்தை 1.7 அளவுக்கு வையுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் அமைப்பைத் தொடாதீர்கள், சொல்லே சிதறித் தெரியும். நம் சொற்கள் நீளமானவை என்பதால் பெரிய தலைப்புகள் கைபேசித் திரையை மீறி ஓடும். “திருமண வேலைப்பாடுகளுக்கான” என்று தொடங்கும் தலைப்பை “கல்யாண பிளவுஸ்” என்று மாற்றியதும் எங்களுக்கு அந்தச் சிக்கல் தீர்ந்தது. படிப்பதற்கும் அதுவே நன்றாக இருந்தது.

பழைய நோட்டீஸில் இருந்த வாசகத்தை அச்சகத்திலிருந்து வாங்கி ஒட்டினால் சில நேரம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கம். யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், தேடினால் கிடைக்காது.

இன்னொன்று. பக்கங்களின் தலைப்பு தமிழில் இருக்கட்டும். ஆனால் இணைப்பு முகவரியை ரோமன் எழுத்தில் சுருக்கமாக நீங்களே கொடுங்கள். யுனிகோடில் “ஆரி” என்பது 3 குறிகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 எழுத்தாக மாறும். ஆக, நம் கண்ணுக்கு இரண்டெழுத்தாகத் தெரியும் சொல் சதவீதக் குறிகள் கலந்த 27 எழுத்துகளாகிவிடும். வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் இதற்கு 200 இடம்தான். நீளமான தமிழ்த் தலைப்பு நடுவில் வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் அதைப் பார்த்து மோசடி இணைப்போ என்று பயப்படுகிறவர்களும் உண்டு.

6. படங்கள்

இப்படிப்பட்ட தளத்தில் படம்தான் கடைக் கண்ணாடி. பிளவுஸை ஆரி ஸ்டாண்டில் இழுத்துக் கட்டியிருக்கும்போதே, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஃப்ளாஷ் அடித்தால் ஜரி வெளுத்துப்போகும், மணிகளின் மேடுபள்ளம் தெரியாது. ஒரு பிளவுஸுக்கு முழுப் படம் ஒன்று, கைப்பகுதியின் நெருக்கப் படம் ஒன்று.

கைபேசிப் படம் ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும். கிம்ப் (GIMP) என்ற திறந்த மூலப் பட மென்பொருளில் திறந்து அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, வெப்பி (WebP) வடிவில் 80 தரத்தில் ஏற்றுமதி செய்யுங்கள். பெரும்பாலும் 200 கேபிக்குள் வந்துவிடும். லோகோ வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து, மூலக் கோப்பையும் வாடிக்கையாளரிடம் கொடுங்கள். போர்டு எழுதும்போது அதுதான் தேவைப்படும்.

7. பக்கங்களை அடுக்குதல்

முகப்பு, வேலைப்பாடுகள், வகுப்புகள், தொடர்பு என்று நான்கு போதும். ஒவ்வொரு பிளவுஸையும் ஒரு தனிப் பதிவாகப் போட்டு, கல்யாண பிளவுஸ், எளிய வேலை என்று வகை பிரியுங்கள். முகப்பில் புதிய பதிவுகளைத் தானாகக் காட்டும் குவெரி லூப் தொகுதியை வையுங்கள். இனி அக்கா புதுப் பதிவு போட்டால் அது தானாகவே முன்னால் வந்து நிற்கும், முகப்பை யாரும் தொட வேண்டியதில்லை.

தொடர்புப் படிவத்தை நான் வைக்கவில்லை. சாதாரண ஹோஸ்டிங்கிலிருந்து போகும் படிவ மின்னஞ்சல் அடிக்கடி ஸ்பாமில் விழும், அவரும் மின்னஞ்சலைத் திறப்பவர் அல்ல. வாட்ஸ்அப் பொத்தானும் தொட்டால் அழைப்பு போகும் எண்ணும் போதும்.

செருகுநிரல்களும் (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) அப்படித்தான், எத்தனை குறைவோ அத்தனை நல்லது. காப்புப் பிரதிக்கு அப்டிராஃப்ட்பிளஸ் மட்டும் கண்டிப்பாக வேண்டும். வாரம் ஒரு முறை வாடிக்கையாளரின் கூகுள் டிரைவுக்கே பிரதி போகும்படி அமையுங்கள்.

8. வழங்கிக்கு ஏற்றுதல்

டூப்ளிகேட்டர் செருகுநிரல் உங்கள் தளம் முழுவதையும் இரண்டு கோப்புகளாகக் கட்டித் தரும்: ஒரு காப்பகம், ஒரு நிறுவி. ஹோஸ்டிங்கில் காலித் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, இரண்டு கோப்புகளையும் ஏற்றி, நிறுவியை உலாவியில் திறந்து தரவுத்தள விவரங்களைக் கொடுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்த முகவரிகளையெல்லாம் அதுவே புதிய முகவரியாக மாற்றும். வேலை முடிந்ததும் நிறுவிக் கோப்புகளை அழித்துவிடுங்கள், விட்டுவைப்பது ஆபத்து.

தளம் பாதுகாப்பான இணைப்பில் (https) திறக்கத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. பல ஹோஸ்டிங்குகளின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரே சொடுக்கில் போடலாம். பிறகு வேர்ட்பிரஸ் அமைப்புகளில் வாசிப்புப் பகுதிக்குப் போய், தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். கட்டும்போது போட்ட அந்த டிக்கை மறந்துவிட்டு, கூகுளில் தளம் வரவில்லையே என்று மாதக்கணக்கில் தவிப்பவர்கள் உண்டு. கடைசியாக, விலை குறைந்த கைபேசி ஒன்றில், வைஃபை இல்லாமல் தளத்தைத் திறந்து பாருங்கள்.

9. ஒப்படைத்தல்

டொமைன், ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ் மூன்றின் உள்நுழைவு விவரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளருக்கு இரண்டு கணக்குகள் வேண்டும்: தினசரி வேலைக்கு எடிட்டர் நிலையில் ஒன்று, பத்திரமாக வைத்திருக்க நிர்வாகி நிலையில் ஒன்று. பின் அவரே ஒரு பதிவு போடட்டும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், மௌஸைப் பிடுங்காதீர்கள். அக்கா முதல் பிளவுஸை ஏற்ற முக்கால் மணி நேரம் ஆனது, இரண்டாவதைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். எங்கே தடுமாறினார் என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களுக்கு மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன்.

பராமரிப்பை நீங்கள் தொடரப் போவதில்லை என்றால் உங்கள் நிர்வாகிக் கணக்கை நீக்கிவிடுங்கள். நீக்கும்போது, அந்தக் கணக்கில் போட்ட பக்கங்களையும் பதிவுகளையும் என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். எல்லாவற்றையும் வாடிக்கையாளரின் கணக்குக்கு மாற்றும் தேர்வை அழுத்துங்கள். அவசரத்தில் மற்றதை அழுத்திவிட்டால் நீங்கள் கட்டிய பக்கங்களும் சேர்ந்தே அழிந்துவிடும்.