விசைப்பலகைக் கைபேசியா, மாற்று வழியா? தேர்வின்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசைகளை அழுத்தி எழுதும் ஸ்மார்ட்போன் ஒன்றை வாங்க விரும்புவோர் பெரும்பாலும் விசைப்பலகையை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் அத்தகைய கைபேசியில் விசைகள் உழைக்கும் காலம் வேறு, விசைகளைச் சுற்றியிருக்கும் கைபேசி உழைக்கும் காலம் வேறு. மென்பொருளும் மின்கலமும் பழையதாகி, செயலிகள் ஒவ்வொன்றாக விடைபெற்ற பிறகும் விசைகள் புதிது போலவே இருக்கும். இந்த இரண்டு ஆயுளையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதிலிருந்துதான் கீழே வரும் தவறுகளில் பாதி தொடங்குகின்றன.

முதலில் வேகம் பற்றிய நம்பிக்கையைப் பார்ப்போம். விசைகள் இருந்தால் உடனே வேகமாக எழுதலாம் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கணினித் தட்டச்சில் ஏற்கெனவே கைதேர்ந்தவர்களுக்குக் கட்டைவிரலால் அழுத்தும் சிறு விசைப்பலகைகளைக் கொடுத்துப் பயிற்சியளித்தார்கள். தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 32 ஆங்கிலச் சொற்களை எழுதியவர்கள், இருபது நிமிடப் பயிற்சிகள் இருபது முடிந்தபோது சுமார் 60 சொற்களை எட்டினார்கள். 2019-இல் முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வு, அன்றாடம் கைபேசியில் எழுதுவோரின் சராசரி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 36 சொற்கள் என்று கண்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து விசைகளே வென்றன என்று சொல்லிவிட முடியாது. எழுதியவர்களும் வேறு, சூழலும் வேறு. முதல் ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது 60 என்ற எண்ணை அன்று, அதற்கு முன்னால் செலவான நானூறு நிமிடப் பயிற்சியை. வாங்கிய மூன்றாம் நாளே “இதில் வேகம் வரவில்லை” என்று கைபேசியைத் திருப்பி அனுப்புவதும், பயிற்சியே தேவைப்படாது என்று நம்பி வாங்குவதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

2019 ஆய்வு சொல்லும் இன்னொரு செய்தி, தொடுதிரையிலேயே தங்கிவிட நினைப்பவர்களுக்கு உரியது. எழுத்துப் பிழையைத் தானாகத் திருத்தும் வசதியைப் பயன்படுத்தியவர்கள் வேகமாக எழுதினார்கள். ஆனால் விசைகளுக்கு மேலே தோன்றும் சொற்பரிந்துரைகளைப் படித்துப் பார்த்துத் தொட்டவர்களுக்கு அதனால் வேகம் கூடவில்லை. திரையில் எழுதுவது அலுப்பாக இருக்கிறது என்று புதுக் கைபேசி தேடுமுன், இருக்கும் கைபேசியில் பரிந்துரைகளை ஒரு வாரம் அணைத்து வைத்து, விசைகளின் உயரத்தைக் கூட்டி, விரலை எடுக்காமல் இழுத்து எழுதும் முறையையும் பழகிப் பார்க்கலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை. இருந்தும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்காமலேயே வாங்கும் முடிவுக்கு வந்துவிடுபவர்களே மிகுதி.

உண்மையில், விசைப்பலகைக் கைபேசியின் வலிமை வேகத்தில் இல்லை என்பதே என் கருத்து. எழுதும்போது திரையின் பெரும்பகுதி மறைக்கப்படாமல் இருப்பது, பார்க்காமலேயே விரல் இடமறிவது, ஒரே விசையழுத்தத்தில் செயலியைத் திறப்பது ஆகியவைதான் அதன் வலிமை. 2017-இல் வந்த பிளாக்பெர்ரி கீஒன் கைபேசியில் 26 எழுத்து விசைகளுக்கும், சிறிது அழுத்தினால் ஒன்று, நீள அழுத்தினால் ஒன்று என்று 52 குறுக்குவழிகளை அமைத்துக்கொள்ள முடிந்தது. நீண்ட மின்னஞ்சல்களைத் திருத்துபவருக்கும் கைபேசி வழியே சர்வர்களில் கட்டளை அடிப்பவருக்கும் இவை பெரிய வரம். நாளுக்கு இருபது சிறு பதில்களை மட்டும் அனுப்புபவருக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை.

அடுத்த தவறுதான் இருப்பதிலேயே அதிகச் செலவு வைப்பது: பழைய மாடல் ஒன்றின் விசைகள் மீது ஆசைப்பட்டு, அதன் மென்பொருள் எந்த ஆண்டில் நின்றுபோனது என்று பாராமல் வாங்குவது. பிளாக்பெர்ரி கீ2 2018-இல் ஆண்ட்ராய்டு 8.1 உடன் வந்தது. அடுத்த ஆண்ட்ராய்டுப் பதிப்பு அதற்கு வரவே இல்லை. அந்தப் பெயரில் கைபேசிகளைத் தயாரித்துவந்த டிசிஎல் நிறுவனம் 2020 ஆகஸ்ட் 31-உடன் விற்பனையை நிறுத்திக்கொண்டது. அதற்கும் முந்தைய, ஆண்ட்ராய்டு அல்லாமல் பிளாக்பெர்ரியின் சொந்த இயங்குதளங்களான பிளாக்பெர்ரி ஓஎஸ், பிளாக்பெர்ரி 10 ஆகியவற்றில் இயங்கிய கருவிகளுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4-ஆம் நாள் முடிவுக்கு வந்தன. அதன் பிறகு அவற்றில் அழைப்பும் குறுஞ்செய்தியும்கூட உறுதியாக இயங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இங்கே பலர் குழம்புகிறார்கள். அந்த ஜனவரி அறிவிப்பு பிளாக்பெர்ரி பெயர் தாங்கிய ஆண்ட்ராய்டு கைபேசிகளைப் பற்றியது அன்று. ஆகவே “பிளாக்பெர்ரி எல்லாமே செத்துவிட்டது” என்பதும் சரியில்லை. “ஆண்ட்ராய்டு என்பதால் கவலையில்லை” என்பதும் சரியில்லை.

மென்பொருள் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2023 டிசம்பரில் புளூடூத் தொடர்பான குறைபாடு ஒன்று வெளிப்படுத்தப்பட்டது. அருகில் இருக்கும் ஒருவர், உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமலேயே, பொய்யான விசைப்பலகை ஒன்றைக் கைபேசியுடன் இணைத்து எழுத்துகளை உள்ளே செலுத்த அது வழிவிட்டது. ஆண்ட்ராய்டு 11 முதல் 14 வரையிலான பதிப்புகளுக்கு அந்த மாதப் பாதுகாப்புப் புதுப்பிப்பில் தீர்வு வந்தது. ஆண்ட்ராய்டு 10-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் தீர்வு இல்லை. நல்ல விசைப்பலகைக்காகவே வாங்கப்பட்ட கீ2, இல்லாத விசைப்பலகை ஒன்றுக்கு இடம் கொடுத்துவிடக்கூடும் என்பது சற்றுக் கசப்பான வேடிக்கைதான். வங்கிச் செயலியையும் கடவுச்சொற்களையும் வைத்திருக்கும் முதன்மைக் கைபேசியாக இத்தகைய கருவியை வைத்துக்கொள்ளக் கூடாது. சிம் இல்லாமல், எழுதுவதற்கு மட்டும், புளூடூத்தை அணைத்து வைத்துக்கொள்ளும் இரண்டாம் கருவியாக வைத்துக்கொள்வது வேறு.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்காமல் விடும் சிக்கல் ஒன்று உண்டு; அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ் எழுத்துகளை நேரடியாக விசைகளில் அமைத்த தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 எழுத்துகளுக்கு 31 விசைகள் வேண்டும். அவற்றில் 26 எழுத்துகள் ஆங்கில எழுத்து விசைகளில் அமர்ந்துவிடுகின்றன. எஞ்சிய ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்தும் கணினி விசைப்பலகையின் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள்குறி, சாய்கோடு ஆகிய விசைகளில் இருக்கின்றன. திரைக்குக் கீழே மூன்று நான்கு வரிசை விசைகள் மட்டும் கொண்ட கைபேசியில் இந்தக் குறிகளுக்குத் தனி விசை இருப்பதில்லை. வேறொரு விசையைச் சேர்த்து அழுத்தித்தான் அவற்றைப் பெற வேண்டும். ‘ச’வும் ‘ந’வும் ‘ய’வும் இல்லாமல் தமிழில் ஒரு வரி நகராது என்பதை எண்ணினால் இதன் தொல்லை விளங்கும். தமிழ்99 பழகிய விரல்களுக்கு, ஐந்து வரிசை கொண்டு பக்கவாட்டில் திறக்கும் விசைப்பலகையோ, மடக்கி எடுத்துச் செல்லும் புளூடூத் விசைப்பலகையோ பொருந்துவதற்கு வாய்ப்பு அதிகம்.

‘amma’ என்று ஆங்கில எழுத்துகளில் அடித்துத் தமிழைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுபவர்களுக்கு 26 விசைகளே போதும் என்று தோன்றும். அங்கே வேறொரு தடை இருக்கிறது. திரையில் ‘அம்மா’ என்று மாற்றித் தரும் எல்லா விசைப்பலகைச் செயலிகளும், கைவிசைகளிலிருந்து, அதாவது அழுத்தும் உண்மையான விசைகளிலிருந்து, வரும் எழுத்துகளையும் அப்படியே மாற்றித் தருவதில்லை. சிலவற்றில் ஆங்கில எழுத்துகள் ஆங்கிலமாகவே திரையில் விழும். தான் வழக்கமாகப் பயன்படுத்தும் செயலி கைவிசைகளோடு ஒத்துழைக்கிறதா என்பதை, புளூடூத் விசைப்பலகை ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, தன் கைபேசியில் இணைத்து ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். விசைகளில் தமிழ் எழுத்து அச்சிடப்பட்டிராது என்பதையும் மறக்கக் கூடாது. இருட்டில் ஒளிரும் விசைகள் தமிழ்99 பழகாதவருக்கு எந்த வழியும் காட்டா.

திரையின் வடிவத்தைப் பொருட்படுத்தாமல் விடுவது இன்னொரு தவறு. 2014-இல் வந்த பிளாக்பெர்ரி பாஸ்போர்ட், 2025-இல் யூனிஹெர்ட்ஸ் அறிமுகப்படுத்திய டைட்டன் 2 இரண்டிலும் 4.5 அங்குலச் சதுரத் திரை. 16-க்கு 9 என்ற அளவில் எடுக்கப்பட்ட காணொளியை இதில் பார்த்தால், படத்தின் பரப்பு 6.1 அங்குல நீளத் திரைக் கைபேசியில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான். ஆவணங்களையும் அட்டவணைகளையும் படிக்க இதே சதுரம் மிகவும் வசதியானது. ஆனால் நீளத் திரையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட செயலிகளில் கீழ்ப்பொத்தான்கள் வெட்டுப்படுவதும், ஒரு பொத்தானைத் தேடித் திரையை உருட்ட வேண்டியிருப்பதும் நேரும். ஒரு நாளில் கைபேசியில் எதை எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதைக் கைபேசியே கணக்கிட்டுக் காட்டுகிறது. வாங்குமுன் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

பெரிய நிறுவனங்கள் இத்துறையை விட்டு விலகிய பிறகு, விசைப்பலகைக் கைபேசிகள் பெரும்பாலும், தயாரிப்புக்கு முன்பே விரும்புவோரிடம் பணம் சேர்க்கும் கூட்டு நிதித் திரட்டல் மூலமாகவே வருகின்றன. அங்கே பணம் கட்டுவதைக் கடையில் வாங்குவதாக நினைத்துவிடக் கூடாது. எஃப்எக்ஸ்டெக் நிறுவனத்தின் புரோ1-எக்ஸ் 2020-இல் நிதி திரட்டியபோது 2021 மார்ச்சில் கைக்கு வரும் என்று சொல்லப்பட்டது. அனுப்பத் தொடங்கியது 2022-இல். இடையில் ஸ்னாப்டிராகன் 835 சிப்புக்குப் பதிலாக அதைவிடத் திறன் குறைந்த 662 வைக்கப்பட்டது. பிளாக்பெர்ரி பெயரில் 5ஜி விசைப்பலகைக் கைபேசி கொண்டுவருவதாக 2020 ஆகஸ்டில் அறிவித்த ஆன்வர்டுமொபிலிட்டி, ஒரு கைபேசியைக்கூட வெளியிடாமல் 2022 பிப்ரவரியில் மூடப்பட்டது. அறிவிப்பை நம்பிக் காத்திருந்தவர்களின் பழைய கைபேசிகள் அதற்குள் இன்னும் பழையவையாகிவிட்டன.

தொலைத்தொடர்பு அலைவரிசைகளைப் பற்றி ஒரே வார்த்தைதான்: சிறு நிறுவனங்களின் கைபேசிகள் எல்லா அலைவரிசைகளையும் ஏற்பதில்லை, பழைய 3ஜி சேவையோ பல நாடுகளில் நிறுத்தப்பட்டுவருகிறது, ஆகவே 4ஜி வழியே குரல் அழைப்பு இயங்கும் என்பதை உங்கள் இணைப்பு நிறுவனத்திடமே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மாற்று வழிகளைத் தேர்வு செய்பவர்களும் அவற்றையெல்லாம் ஒரே தட்டில் வைத்துத் தவறு செய்கிறார்கள். 2024 ஜனவரியில் கிளிக்ஸ் நிறுவனம் ஐஃபோனுக்காக விசைப்பலகை பொருத்திய உறையை அறிமுகப்படுத்தியது. புதுப்பிப்பு கிடைத்துக்கொண்டிருக்கும் கைபேசியும் விசைகளும் ஒருசேரக் கிடைப்பதால், மேலே சொன்ன ஆயுள் சிக்கலுக்கு இது நல்ல தீர்வாகத் தோன்றும். ஆனால் உறை குறிப்பிட்ட மாடலின் அளவுக்கே வார்க்கப்படுகிறது. கைபேசியை மாற்றினால் உறையையும் மாற்ற வேண்டும். விசைகள் திரைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருப்பதால் கைபேசியின் நீளம் கூடுகிறது, எடை மேற்பக்கம் சாய்கிறது, சட்டைப்பையில் வைக்க முடிவதில்லை. புளூடூத் விசைப்பலகை எந்த மாடலுக்கும் பொருந்தும், பல ஆண்டுகள் உழைக்கும், பத்து விரலாலும் எழுதலாம். ஆனால் அதை வைக்க மேசை வேண்டும், தனியே மின்னேற்ற வேண்டும். பேருந்தில் நின்றுகொண்டு பதில் எழுதுபவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. குரல் தட்டச்சில் கூகுள் 2017-இல் தமிழைச் சேர்த்த பிறகு, முதல் வரைவைச் சொல்லி எழுதவைத்து, விசைகளைத் திருத்துவதற்கு மட்டும் பயன்படுத்தும் வழியும் உண்டு. அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கும் இடத்தில் அது கைகொடுக்காது என்பதைத் தவிர, நீண்ட எழுத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

பழைய விசைப்பலகைக் கைபேசியையே வாங்குவது என்று முடிவானால், திரையைத் தட்டிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு விசையையும் பத்து முறை அழுத்தி, ஓர் எழுத்து இரண்டாக விழுகிறதா, ஓரத்தில் அழுத்தினாலும் பதிவாகிறதா என்று பாருங்கள். இடைவெளி விசையும் அழிப்பு விசையும்தான் அதிகம் தேய்ந்திருக்கும். கடவுச்சொல் ஒன்றை எண்களோடும் குறிகளோடும் அடித்துப் பாருங்கள். எண்ணுக்காக ஒவ்வொரு முறையும் இன்னொரு விசையைச் சேர்த்து அழுத்துவது எவ்வளவு எரிச்சல் தரும் என்பது அப்போதுதான் தெரியும். அதன் பிறகு அமைப்புகளுக்குள் சென்று, கடைசியாக வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைப் படித்துவிட்டு விலையைப் பேசத் தொடங்கலாம்.