தங்கையின் பழைய லேப்டாப்புக்குச் செலவு செய்யலாமா?

கல்லூரியில் சேர்ந்த தங்கையின் லேப்டாப் ஆமைவேகம். எல்லாரும் புதிது வாங்கச் சொன்னார்கள். நான் முதலில், எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். எதுவும் செய்யாதபோதே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது, ப்ராசஸரோ சும்மா இருந்தது. அப்போது தடை ஹார்ட் டிஸ்க்தான். அது நொடிக்கு 100 எம்பி சுமாருக்குப் படித்தால், அதே சாட்டா இணைப்பில் மாட்டும், சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி 500 வரை படிக்கும். சின்னச் சின்னக் கோப்புகளைப் படிப்பதில் வித்தியாசம் இன்னும் பெரிது. லேப்டாப் ஆன் ஆகும்போது நடப்பது அந்த வேலைதானே!

256 ஜிபி எஸ்எஸ்டி மாட்டி, காலி ஸ்லாட்டில் 4 ஜிபி ரேம் சேர்த்தேன். (சில மாடல்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், வாங்கும் முன் பாருங்கள்.) விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது; இந்த ப்ராசஸரை விண்டோஸ் 11 ஏற்காது. அதனால் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டோம். பைதானில் நிரல் எழுதவும் லிப்ரேஆபீஸில் ஆவணங்கள் தயாரிக்கவும் தாராளமாகப் போதும்.

பேட்டரியும் போய், கீலும் உடைந்திருந்தால் இந்தச் செலவு செய்திருக்க மாட்டேன்.